30 நாளில் ஆங்கிலம்: ஒரு நோட்டீஸ் எழுதிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என்னிடம் 5-ஆம் வகுப்பு படித்த ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்தவள். கணவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு. இரண்டு பிள்ளைகள். வீட்டு முன்னறையில் ஆங்கில டியூஷன் ஆரம்பிக்கப் போகிறாளாம். அதற்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் செய்து கொடுத்த விளம்பரம்தான் அந்தப் படம். கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரிக்கிறாள், பின்னால் லண்டன் மணிக்கூண்டு. நடுவில் கொட்டை எழுத்தில், "30 நாளில் சரளமான ஆங்கிலம்! 100% உத்தரவாதம்!" கீழே பொடி எழுத்தில் இவள் பெயரும் போன் நம்பரும். "ஓகேவா டீச்சர்? சாயங்காலம் பிரிண்டுக்குப் போகுது" என்று கேட்டிருந்தாள்.

"நிறுத்தும்மா, போன் பண்ணு" என்று பதில் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். யார் என்று துருவ வேண்டாம்.

நான் ஏன் பதறினேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. உறவுக்காரர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பதிவு மூப்பு எப்போது வரும் என்று நான் காத்திருந்த வருடங்கள் அவை. 1984 என்று நினைவு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டுத் திண்ணையில் டியூஷன் ஆரம்பித்தேன். ரோஸ் நிறத் தாளில் பிட் நோட்டீஸ் அடித்துக் கடைத்தெருவில் கொடுத்தோம். "90 நாட்களில் ஆங்கிலம் பேசலாம்" என்று நானேதான் எழுதினேன். இவளாவது 30 என்று போட்டாள், நான் 90 என்று போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒரு அண்ணன் வந்தார். முப்பது வயது இருக்கும், கொத்து வேலை. வளைகுடாவுக்குப் போக ஏஜென்ட்டிடம் பணம் கட்டியிருந்தார். மூன்று மாதக் கட்டணத்தையும் மொத்தமாக முதல் நாளே கொடுத்தார். மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பணம் என்று பிற்பாடுதான் தெரியும். நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? எனக்குத் தெரிந்த இலக்கணம். நிகழ்காலம், இறந்தகாலம், செய்வினை, செயப்பாட்டுவினை. அவரும் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். கிளம்புவதற்கு முந்தின வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், ஏர்போர்ட்டுல என்ன கேப்பாங்க, நான் என்ன பதில் சொல்லணும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் விமான நிலையத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு கொத்தனாருக்கு வேலை இடத்தில் என்ன ஆங்கிலம் தேவைப்படும் என்று அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட நான் அவரைக் கேட்கவில்லை. "பாஸ்போர்ட்டைக் காட்டுங்க அண்ணே, அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போனார், சம்பாதித்தார், வீடு கட்டினார். அதெல்லாம் அவர் சாமர்த்தியம். ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு சோப்பு டப்பா வாங்கி வந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளக் கை கூசியது.

இதைத்தான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி டீச்சர், அப்ப என்னதான் போடுறது?" என்றாள். சரியான கேள்வி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒரு மணி வீதம் 30 நாள் என்றால் 30 மணி நேரம். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துகிறவர்கள் ஒரு உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அடிப்படையிலிருந்து தொடங்குகிறவர் அன்றாடத் தேவைக்கு எளிமையாகப் பேசும் ஏ2 நிலைக்கு வர 180 முதல் 200 மணி நேரம் வகுப்பு வேண்டும். ஓரளவு தானாகச் சமாளிக்கும் பி1 நிலைக்கு 350 முதல் 400 மணி நேரம். நம் பிள்ளைகள் பள்ளியில் கொஞ்சம் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை. அதைக் கழித்தாலும் 30 மணி நேரம் எந்த மூலைக்கு?

சட்டமும் இருக்கிறது. பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறைகள் கொண்டுவந்தது. வெற்றி நிச்சயம், வேலை நிச்சயம் என்று உத்தரவாதம் கொடுக்கக் கூடாது, மாணவர் சம்மதமில்லாமல் அவர் படத்தைப் போடக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. அது 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்குத்தான். முன்னறையில் ஆறு பேரை வைத்து நடத்துகிறவளைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனால் அந்த ஆறு பேரின் அம்மாக்கள் தினமும் பால் வாங்குகிற கடையில்தான் இவளும் பால் வாங்க வேண்டும்.

(பணியில் இருக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு நாமும் ஆரம்பிக்கலாமே என்று நினைத்தால்: 2009 கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவு. தனிப்பயிற்சி நடத்தக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்.)

அடுத்து அந்த வெள்ளைக்காரப் பெண். அவளை எடுத்துவிடு என்றேன். "அவ இருந்தாதான் டீச்சர் ஒரு கெத்து" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாவுக்கு நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தெரியுமா?

"எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க" என்பதை நம் பிள்ளை "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்கிறது. "இருக்காங்க" என்று தமிழில் ஓடிக்கொண்டிருக்கும் வினை அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. "அவர் டாக்டர்" என்பது தமிழில் முழு வாக்கியம், வினைச்சொல்லே தேவையில்லை. அதனால்தான் "ஹி டாக்டர்" என்று எழுதுகிறது. "வீட்டில்", "வீட்டுக்கு", "வீட்டிலிருந்து" என்று நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை ஆங்கிலம் தலைக்கு முன்னால் தனியாக வைக்கிறது. ப என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியையும் சமாளிக்கிற பிள்ளைக்கு, "பேட்" என்று எழுதிக் காட்டினால் மட்டையா, அட்டையா என்று எப்படித் தெரியும்? இதெல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நடந்து போனவர்களுக்குத்தான் தெரியும். இவள் நம் ஊர் அரசுப் பள்ளியில் 3-ஆம் வகுப்பில் ஏ பி சி டி தொடங்கி, தமிழ்வழியில் 12 வரை படித்து, கல்லூரி முதல் வருடம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் அழுது, பிறகு தேறியவள். அதுதான் அவளுடைய பெரிய தகுதி. அதை நோட்டீஸில் ஒளித்து வைத்துவிட்டு மணிக்கூண்டைப் போடுவானேன்?

தமிழில் பேசினால் அபராதம் என்று சொல்லி ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிற பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதில்லை, வாயை மூடிக்கொள்கிறார்கள். தமிழில் இரண்டு நிமிடம் விளக்கு, மிச்ச நேரம் முழுக்க அவர்களை ஆங்கிலத்தில் பேசவிடு என்பதுதான் என் கட்சி. ஆறு பேருக்கு மேல் சேர்க்காதே என்று சொன்னதும் அதனால்தான். இருபது பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. நீயே பேசிக்கொண்டிருப்பாய்.

பிறகு, எதை வைத்துச் சொல்லிக் கொடுப்பது? தடித்தடியாக ஆறு புத்தகம் வாங்க 4,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தாள். அதையும் நிறுத்தினேன்.

தமிழ்நாடு அரசின் ஆங்கிலப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. 8-ஆம் வகுப்புப் பிள்ளைக்கும் 4-ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கு, அட்டையைக் காட்டாதே, அவ்வளவுதான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், அச்சடித்துக் கொடுக்கவும் அனுமதி உண்டு. முதல் நாள் தமிழில் படிக்கட்டும், மறுநாள் அதே கதை ஆங்கிலத்தில். கதை தெரிந்திருப்பதால் பயம் பாதி போய்விடும். சென்னை தூலிகா பதிப்பகம் இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் வருகிற படப் புத்தகங்கள் போட்டிருக்கிறது, நூலகத்தில் கேட்டுப் பார். காதுக்கு பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி. அது பெரியவர்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு வேகம் ஒத்துவராது. பிரிட்டிஷ் கவுன்சில் தளத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. எந்தச் சொற்களை முதலில் கற்றுக்கொடுப்பது என்று குழம்பவே வேண்டாம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட் 1953-லேயே சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைத் தொகுத்துப் பட்டியல் வெளியிட்டார். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் திணறியதைப் பார்த்துப் பார்த்து யோசித்த மனிதர். பழைய பட்டியல்தான், சில சொற்கள் காலாவதி. என்றாலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுவதைவிட ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு போவது மேல்.

எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொன்னது வீட்டில் கிடக்கும் காகிதங்கள். ரயில் முன்பதிவுப் படிவம், வங்கிச் செலான், மாத்திரை அட்டை, கரண்ட் பில், குக்கரோடு வரும் கையேடு. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற பேராசிரியர் தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார். பெங்களூரு திட்டம் என்பார்கள். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து, அதில் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்கச் சொல்வது. விடையைத் தேடுகிற மும்முரத்தில் மொழி தானாக உள்ளே போகும் என்பது அவர் கட்சி. நான் திண்ணையில் செயப்பாட்டுவினை நடத்திக்கொண்டிருந்த அதே சமயத்தில் இது நடந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே பல வருடம் ஆனது. தெரிந்திருந்தால் அந்த அண்ணனிடம் ஒரு விமான டிக்கெட்டையாவது கேட்டு வாங்கி வைத்துப் பாடம் நடத்தியிருப்பேன்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய நோட்டீஸ் இது:

"ஆங்கிலம் பேச, படிக்க, எழுத. 4 முதல் 8-ஆம் வகுப்பு வரை: திங்கள் முதல் வெள்ளி, மாலை 5.30 – 6.30. பெரியவர்களுக்கு: காலை 10.30 – 11.30. ஒரு குழுவில் 6 பேர் மட்டும். நடத்துபவர் நம் ஊரில் தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர், பி.எட். தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் பேச வைக்கிறோம். உங்களுக்கு ஆங்கிலம் எதற்காக வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். மாதம் 500 ரூபாய், மாதா மாதம் கட்டினால் போதும். முதல் மூன்று நாள் இலவசம். மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருவதில்லை."

சென்னையில் இருக்கும் என் தம்பி மகன் இதைப் பார்த்துவிட்டு, "அத்தை, உத்தரவாதம் இல்லைன்னு எந்தக் கடைக்காரனாவது போர்டு வைப்பானா?" என்று கேட்டான். விளம்பரத் துறையில் இருக்கிறான், அவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. போன் நம்பரைப் பெரிதாக்கியதும், கூகுள் மேப்பில் இடத்தைப் பதிவு செய்து கொடுத்ததும் அவன்தான். கடைசி வரியை மட்டும் நானும் அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த தெருவிலேயே "45 நாள், பணம் வாபஸ்" என்று ஒரு பெரிய பேனர் தொங்குகிறது, அவர்களிடம் கூட்டம் போகத்தான் செய்யும். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இவள் வீட்டு வாடகை என் கொள்கையை நம்பி இல்லையே.

நோட்டீஸ் ஒட்டி ஆறு நாள் ஆகிறது. இதுவரை நான்கு பேர். மூன்று பிள்ளைகள், ஒரு அம்மா. அந்த அம்மாவிடம் எதற்காக ஆங்கிலம் என்று கேட்டதற்கு, "பொண்ணு பள்ளிக்கூடத்துல மிஸ்ஸு இங்கிலீஷ்ல பேசுறாங்க, நான் தலையாட்டிட்டே வந்துடுறேன்" என்றாராம். பள்ளி டைரியில் வந்த குறிப்புகளையே பாடமாக வைத்து அவருக்குத் தொடங்கியிருக்கிறாள்.

உங்களிடம் ஒரு உதவி. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பரணில் கிடக்கும் ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள், தமிழ் – ஆங்கில அகராதிகள் இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விமான நிலையத்தில் என்ன கேட்கிறார்கள், நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று வரிசையாக, உள்ளது உள்ளபடி எழுதி அனுப்புங்கள். பெரியவர்கள் குழுவில் ஓமன் போகிற ஒரு தம்பி அடுத்த வாரம் சேர்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்