கணக்கில் வராத போதை மரணங்கள்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரதம சுகாதார அதிகாரியாக இருந்த வைத்தியர் பெரி கெண்டல் 2016 ஏப்ரல் 14ஆம் திகதி அம்மாகாணத்தில் பொதுச் சுகாதார அவசரநிலையைப் பிரகடனம் செய்தார். பென்ரனில் கலந்த போதைப்பொருளால் மடிவோர் தொகை ஏறிச் சென்றமை காரணம் என்பதை யாவரும் அறிவர். அப்பிரகடனத்தின் மூலம் அதிகாரிகள் முதலில் பெற விரும்பியது தகவல் திரட்டும் அதிகாரம் என்பது பலரின் கவனத்துக்கு வரவில்லை. அதுவரை ஒருவர் இறந்தால் மட்டுமே சம்பவம் சுகாதாரத் துறையின் பார்வைக்கு வந்தது. அதுவும் காலந்தாழ்த்தியே வந்தது.

கனடா முழுவதற்குமான பொதுக் கணக்கு 2016இல்தான் தொடங்கியது. அவ்வாண்டு சனவரி முதல் 2024 இறுதிவரை அபின் வகை நஞ்சினால் இறந்தோர் 50,000க்கும் அதிகம். 2023இல் நாளொன்றுக்குச் சராசரி 20 பேருக்கு மேல் மாண்டனர். ஒரு போரின் இழப்புக்கு ஒப்பான தொகை இது. எனினும் இத்தொகை ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டதன்று. ஒன்ராறியோவில் மரண விசாரணை அதிகாரி தீர்மானிக்கிறார். அல்பேர்ட்டாவிலும் மனிட்டோபாவிலும் சட்ட மருத்துவர் தீர்மானிக்கிறார். பிரிட்டிஷ் கொலம்பியாவோ அபின் வகையை மட்டும் பிரித்தெடுக்காது, சட்டவிரோதச் சந்தையின் எல்லாப் போதைப்பொருட்களாலும் நேர்ந்த மரணங்களை ஒன்றாகவே வெளியிடுகிறது. இரத்தப் பரிசோதனை முடிவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. அதற்குள் தெருவில் விற்கப்படும் நஞ்சின் கலவையே மாறிவிடுகிறது.

உயிர் தப்பியோரின் கணக்கு இன்னும் மோசமானது. வைத்தியசாலை அனுமதி பற்றிய தேசியத் தொகையில் கியூபெக் இடம்பெறுவதில்லை. வீட்டிலேயே நலொக்சோன் கொடுத்து எழுப்பப்பட்டு, அம்புலன்சுக்கு அழைக்காமல் விடப்பட்டவர் எந்த ஏட்டிலும் இல்லை.

கேள்வியைச் சரியாகக் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதற்கு ஒன்ராறியோ சான்று. அங்கே 2017இல் மரண விசாரணை அதிகாரிகளுக்கென விரிவான விசாரணைப் படிவம் வழங்கப்பட்டது. இறந்தவரின் தொழிலும் அதில் பதியப்பட்டது. அதன் பின்னரே கட்டட வேலையாட்கள் மிகையான விகிதத்தில் மடிவது தெளிவாயிற்று. முதுகு நோவுடன் மறுநாளும் வேலைக்குப் போயே ஆகவேண்டியவனின் கதை அது. எம்மவரில் எத்தனை பேர் அத்தகைய வேலைகளில் இருக்கிறார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் எம்மவரில் எத்தனை பேர் மடிந்தனர் என்று கேட்டால் பதிலில்லை. மரணப் பதிவில் இனம் வழமையாகக் குறிக்கப்படுவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் முதற்குடி மக்களுடைய சுகாதார அதிகாரசபை, மரணப் பதிவுகளைத் தம் மக்கள் பற்றிய தரவுகளுடன் ஒப்பிட்டது. 2023இல் அவர்கள் ஏனையோரைவிட ஏறக்குறைய 6 மடங்கு விகிதத்தில் இறந்தமை அதனால் வெளியானது. தம்மைப் பற்றிய தரவு தம் கையில் இருக்க வேண்டும் என்பது அம்மக்களின் நெடுநாட் கோரிக்கை. அது நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். 1983 யூலையில் கொழும்பில் காடையர்கள் வாக்காளர் பட்டியலுடன் வீடு தேடி வந்ததை மறவாத சமூகம் எமது. அரசு வைத்திருக்கும் பட்டியல் எதையும் ஐயத்துடன் நோக்க எமக்குக் காரணம் உண்டு.

ஆகவே ஒட்டாவா செய்ய வேண்டியது இரண்டு. மாகாணங்கள் அனைத்தும் ஒரே வரைவிலக்கணத்தைப் பின்பற்றச் செய்ய வேண்டும். திரட்டப்படும் விபரம் பொலிசுக்கோ குடிவரவுத் திணைக்களத்துக்கோ போகாது என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவது பயன் தராது. பயந்தவன் தொலைபேசியை எடுக்கமாட்டான், எடுக்காதவனின் நண்பன் எண்ணிக்கையில் வரமாட்டான்.

2017 மே மாதச் சட்டம், உதவிக்கு 911ஐ அழைப்பவர்மீது போதைப்பொருளை வெறுமனே வைத்திருந்த குற்றம் சாட்டப்படுவதைத் தடுக்கிறது. விற்பனைக் குற்றத்துக்கு அப்பாதுகாப்புக் கிடையாது. அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கு அதில் தனி உறுதிமொழி எதுவும் தரப்படவில்லை. ஒன்ராறியோவின் பல மருந்தகங்களில் சுகாதார அட்டை இன்றியும் நலொக்சோனை இலவசமாகப் பெறலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.