கரிக்குப் பதில் துரு

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்தவற்றில் ஒரு படகும் உண்டு. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் படகு அது. டீசல் வாடை கிடையாது, புகை கிடையாது. வெளியே வருவது தண்ணீர்.

இந்த மாயத்தைச் செய்வது எரிபொருள் செல். ஒருபுறம் ஹைட்ரஜன், மறுபுறம் காற்று, நடுவே தாள் போல ஒரு பாலிமர் சவ்வு. ஹைட்ரஜன் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிவிடும். இந்தச் சம்பந்தத்தை முடித்துவைக்கும் தரகர் பிளாட்டினம். விலைதான் தெரியுமே! அதனால் 2 முதல் 5 நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்கி, கரித்தூள் மேல் ஒட்டவைக்கிறார்கள்.

கரி மலிவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதைவிட முக்கியம், அதன் பரப்பு. இதற்கென்றே தயாராகும் கரியில் ஒரு கிராமுக்கு சுமார் 250 சதுர மீட்டர். அதாவது, ஒரு சிட்டிகைத் தூளுக்குள் ஒரு கிரவுண்டுக்கும் மேலே இடம்!

ஆனால் பட்டா நிலைக்காது. வண்டி நின்றிருக்கும்போது ஹைட்ரஜன் பக்கத்தில் காற்று நுழைந்துவிடும. மறுபடி கிளப்பும்போது, சில நொடிகளுக்கு எதிர்ப்பக்கத்தில் மின்னழுத்தம் 1.5 வோல்ட் வரை எகிறும். அந்த நொடிகளில் கரி தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடாகப் பறந்துவிடுகிறது. வீட்டுக்காரர் போய்விட்டால் குடித்தனக்காரர் எங்கே இருப்பார்? பிளாட்டினத் துகள்கள் உதிர்கின்றன, ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்கின்றன. செல் சோர்ந்துபோகிறது.

சரி, ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு முழுதாகச் சேர்ந்துவிட்ட பொருளில் பிளாட்டினத்தைக் குடிவைத்தால்? அதுதான் உலோக ஆக்ஸைடு, துருவின் உறவுக்காரன். துருவுக்கு மேல் துரு ஏறாதே!

யோசனை பிரமாதம்தான். ஆனால் பெரும்பாலான ஆக்ஸைடுகள் மின்சாரத்துக்கு வழிவிடாது. சுவர் பெயின்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்ஸைடை ஹைட்ரஜனில் சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்கி, கொஞ்சம் ஆக்ஸிஜனை உருவினால் கருநீலமாகி மின்சாரம் கடத்தும். அந்தச் சூட்டிலேயே அதன் நுண்துளைகள் இறுகிப் பரப்பு சுருங்கிவிடும் என்பதுதான் சோகம். இன்னொரு வழி, டின் ஆக்ஸைடில் துளி நியோபியமோ ஆன்டிமனியோ கலப்பது. கையிலுள்ள போனின் தொடுதிரையில் மின்சாரம் ஓடுவதும் இப்படிக் கலந்த ஓர் ஆக்ஸைடு படலத்தில்தான். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக டின் ஆக்ஸைடில் பாடுபடுகிறது. ஆன்டிமனி மெல்ல அமிலத்தில் கரைந்து வெளியேறும் தொல்லை உண்டு என்பதால் நியோபியத்துக்கு மவுசு அதிகம்.

துளை போடுவது எப்படி? செங்கல் மண்ணில் உமி கலந்து சுட்டால், உமி எரிந்து துளை மிஞ்சுமே, அதே கைவேலைதான். உமிக்குப் பதில் நுண்ணிய பாலிமர் மணிகள். துளை ரொம்பச் சிறுத்தால் தண்ணீர் அடைத்துக்கொண்டு ஆக்ஸிஜன் உள்ளே வராது. பெருத்தால் பரப்பு போச்சு.

டொயோட்டா மிராய் போன்ற கார்களில் இன்றும் கரிதான் ஓடுகிறது, மின்னழுத்தம் எகிறாமல் கட்டுப்படுத்திச் சமாளிக்கிறார்கள். கனரக லாரிகளுக்கு 2030-க்குள் அமெரிக்க எரிசக்தித் துறை கேட்கும் ஆயுள் 25,000 மணி நேரம். தினம் 10 மணி நேரம் ஓட்டினால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக்ஸைடுக்காரர்கள் கண் வைத்திருப்பது அந்த லாரிகள் மேல்தான்.