நாய்க்கு வீடு கட்டியாச்சு, உள்ளே போகணுமே!

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று எங்கள் தாம்பரம் பக்கத்தில் தனி வீட்டில் இருக்கும் பெண்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "ஆசாரியைக் கூப்பிட்டு, பணத்தைக் கொட்டி, அழகாக ஒரு நாய்க்கூண்டு செய்து வைத்தோம். அது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. மழையில் ஸ்கூட்டருக்கு அடியில் நனைந்துகொண்டு கிடக்குமே தவிர, கூண்டுக்குள் கால் வைக்காது. அப்படி ஒரு பிடிவாதம்!"

பிடிவாதம் என்று பட்டம் கட்டுவது சுலபம். ஆனால் பெரும்பாலும் குறை நாயிடம் இருப்பதில்லை. கூண்டு செய்த விதத்திலோ, வைத்த இடத்திலோ, பழக்கிய முறையிலோதான் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீடுகளில் இது இன்னும் முக்கியம். குழந்தை பிறந்ததும் "இனி நாய்க்கு இடமில்லை" என்று ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய் தெருவில் பிழைக்கத் தெரியாமல் திண்டாடும். பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

எங்கள் வீட்டு மணி நாட்டு நாய். நாலு வருஷத்துக்கு முன் கையளவு குட்டியாக வந்து சேர்ந்தவன். ராத்திரி ஹாலில்தான் அவனுக்குப் படுக்கை. போன வருஷம் ஐப்பசியில் என் நாத்தனாருக்குப் பிரசவம். தாய்வீடான எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். ஹாலில் பாய் விரித்துப் பச்சைக் குழந்தையைக் கிடத்தும்போது மணியும் அங்கேயே தூங்குவது சரிப்படாது. வெளியே தூங்கப் பழக்குவது என்று தீர்மானித்தோம். குழந்தை வருகிற அன்றைக்கு நாயை வெளியே தள்ளக்கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். தள்ளினால், புதிதாக வந்த ஜீவனால்தான் தன் இடம் பறிபோயிற்று என்று அது முடிச்சுப் போட்டுவிடும். ஆகவே ஆவணியிலேயே ஆரம்பித்துவிட்டோம்.

என் கொழுந்தன் உற்சாகமாக பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, தகரக் கூரை போட்டு, பச்சை பெயிண்ட் அடித்து, கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மணி வந்து மோந்து பார்த்தான். இரண்டு தும்மல் போட்டான். திரும்பிப் போய்விட்டான். கொழுந்தன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்ததும் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"ஏம்மா, வாயில்லா ஜீவனை இந்தப் பாடு படுத்தறானே, நீயாவது சொல்லக் கூடாதா?" என்றார் என் மாமியார்.

"விடுங்க தம்பி, அவனா போவான். முதல்ல அவன் ஏன் போகலைன்னு பார்ப்போம்" என்றேன்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

வாசனை

நம் மூக்கில் மணம் அறியும் செல்கள் 50, 60 லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நமக்கு லேசாகத் தெரியும் பெயிண்ட் நெடி அதற்குத் தலையைப் பிளக்கும். உள்பக்கம் பெயிண்டே வேண்டாம். வெளியே அடித்தால் இரண்டு வாரமாவது வெயிலில் காய விடுங்கள். பினாயில் போட்டுத் துடைத்துவிட்டு "உள்ளே போ" என்றால் போகாது. பூச்சி வராமலிருக்கப் பாச்சை உருண்டை போடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது நாய்க்கு விஷம், போடவே கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் வேறெங்கும்கூட அதை எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

நாய் ஏற்கெனவே படுத்துப் பழகிய சாக்கை, துவைக்காமல், அப்படியே உள்ளே விரியுங்கள். அதன் மேல் நாம் கட்டிக் கிழிந்த நூல் புடவைத் துண்டு ஒன்று. நம் வாசனை இருக்கும் இடம் அதற்குப் பயமில்லாத இடம்.

சூடு

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வேர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். 2003 மே 31ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. அப்படிப்பட்ட ஊரில் தகரக் கூரைக்குக் கீழே படுக்கச் சொல்வது அடுப்பில் படுக்கச் சொல்வதற்குச் சமம். தகரத்தை எடுத்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தோம். மங்களூர் ஓடும் நல்லதுதான். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால் சூடு வெளியேறும். கூரையைத் தூக்கி எடுக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது எளிது.

இடமும் வாசலும்

கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போகிற வருகிற சைக்கிளுக்கெல்லாம் குரைத்துக்கொண்டு நாய் தூங்காது, நம்மையும் தூங்க விடாது. கொல்லைக் கோடியில் வைத்தால் தன்னை ஒதுக்கி வைத்ததாக நினைக்கும். நாய் மனிதரோடு வாழ ஆரம்பித்துக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். நம் திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. தன் எஜமானோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி ஆளோடு ஒட்டி வாழும் பிராணிக்கு, ஆள் கண்ணில் படாத இடம் வீடாகுமா? சமையலறைக் கதவோ வாசல் கதவோ தெரிகிற இடத்தில், சுவர் ஓரமாக, நிழலில் வையுங்கள்.

வாசலைத் தெற்கோ தென்கிழக்கோ பார்த்து வைப்பது எங்கள் பக்கத்துக்கு உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். இப்படி வைத்தால் மழைக்கு முதுகு, காற்றுக்கு முகம். மேற்கு மட்டும் வேண்டாம், சாயங்கால வெயில் நேரே உள்ளே இறங்கும்.

அளவும் தரையும்

நாய் தலையை நிமிர்த்தி நிற்கவும், உள்ளேயே ஒரு சுற்றுத் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். மணி மாதிரி நடுத்தர நாட்டு நாய்க்கு மூன்றரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற உயரமான ஜாதி என்றால் நாயை நிறுத்தி அளந்து பார்த்துச் செய்யுங்கள். நான்கு மூலையிலும் ஹாலோ பிளாக் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். ஈரம் ஏறாது. அடியில் தேளோ பாம்போ ஒண்டியிருந்தாலும் குனிந்து பார்க்க முடியும்.

பழக்குவது

நாள் கணக்கு வைத்து அவசரப்படக் கூடாது. மணிக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் நாலைந்து நாள் சோற்றுத் தட்டைக் கூண்டுக்கு எதிரே வைத்தேன். அப்புறம் வாசற்படியில், அதற்கப்புறம் ஒரு சாண் உள்ளே, பிறகு கடைசி வரை. தலையை மட்டும் விட்டுத் தின்றுவிட்டு ஓடினாலும் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைப் பொறையைச் சின்னச் சின்னதாக உடைத்து, அவன் பார்க்காதபோது உள்ளே போட்டு வைப்பேன். தானாகப் போய்க் கண்டுபிடித்துத் தின்னும்போது அந்த இடமே அதிர்ஷ்டக்கார இடமாகிவிடுகிறது! கால் வைக்கும்போதெல்லாம் "வீட்டுக்குப் போ" என்று ஒரே வார்த்தையை ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் அதற்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

மத்தியானம் கீரை ஆய்கிற வேலையைக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன். நான் இருக்கிற தைரியத்தில் உள்ளே படுத்துத் தூங்கினான். பகல் தூக்கம் பழகிய பிறகுதான் ராத்திரி. முதல் சில ராத்திரிகள் ஹால் ஜன்னலைத் திறந்து வைத்து, அவன் முனகினால் உள்ளிருந்தே மெதுவாக ஒரு குரல் கொடுத்தேன்.

செய்யக் கூடாதவை நாலு. இழுத்துப் போடாதீர்கள். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். தண்டனையாக அங்கே அனுப்பாதீர்கள். குழந்தைகள் உள்ளே புகுந்து விளையாட இடம் கொடுக்காதீர்கள். நாம்தான் "கூண்டு, கூண்டு" என்கிறோம். ஒரு தடவை அடைத்துவிட்டால் நாய்க்கும் அது கூண்டாகவே ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் சில நாய்கள் போகாது. போர்ட்டிகோவில் உயரமாக ஒரு பலகையும் மழைச் சாரலுக்கு ஒரு தட்டியும் கொடுத்தால் அதுவே போதும். கோடையில் கூண்டை விட்டுச் சில்லென்ற சிமெண்ட் தரையில் படுத்தாலும் சண்டை போடாதீர்கள்.

வெளியே விடக்கூடாத நாட்கள்

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கீழ்த்தளங்கள் முழுகிப் படகில் ஆட்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் சூழ்ந்தது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் நாயை உள்ளேயோ மாடியிலோ கொண்டுவந்துவிடுங்கள். சங்கிலியில் கட்டிய நாயால் நீந்தித் தப்ப முடியாது. தீபாவளி வெடிக்கும், அக்னி நட்சத்திர மத்தியானத்துக்கும் இதே விதிதான். மழை நின்றதும் சாக்கை மாற்றித் தரையைக் காய வையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் நாய்க்கும் மனிதருக்கும் எலிக் காய்ச்சல் வரும்.

குழந்தை உள்ள வீட்டுக்கு

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டியில் தொடங்கி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருஷா வருஷம் போட வேண்டும். குடற்புழு மருந்தும் தவறக் கூடாது. நாயின் கழிவிலிருந்து புழு முட்டைகள் மண்ணில் கலந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். கூண்டைச் சுற்றி உள்ள மண்ணில் குழந்தையை விடாதீர்கள். கழிவை அன்றன்றே அள்ளிவிடுங்கள். எவ்வளவு சாதுவான நாயானாலும் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். பல் பட்டாலும் நகம் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குச் சுற்றியிருந்த துணி ஒன்றை இவர் முதல் நாளே எடுத்துவந்து மணிக்கு மோந்து பார்க்கக் கொடுத்தார். நாத்தனார் குழந்தையோடு வந்து இறங்கியபோது அவன் வாலை ஆட்டியபடி தூரத்தில் நின்றான். அன்று ராத்திரி நல்ல மழை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீற்றுக் கூரைக்குக் கீழே, என் பழைய புடவை மேல், நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணி, பாப்பா அழுதா முதல்ல தலையைத் தூக்கறது மணிதான்" என்றாள் நாத்தனார், ஒரு மாதம் கழித்து.

மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள், சகோதரிகளே. உங்கள் வீட்டு நாய் எந்தத் தின்பண்டத்துக்கு மயங்கி உள்ளே போனது என்று எனக்கும் எழுதுங்கள்.