உப்புச் சாடியும் உணரியும்

சென்ற மாரியில் ஒருநாள், காலஞ்சென்ற எமது தந்தையாரின் நூல்கள் இருக்கும் அலுமாரியைத் திறந்தோம். அட்டைகளிற் பூஞ்சணம் படர்ந்திருந்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தந்தையாரும் ஆசிரியராயிருந்தவர். அவர் பல்லாண்டுகளாகத் தம் கைப்பட எழுதிவந்த இலக்கணக் குறிப்பேடொன்றும் அங்கே இருந்தது. மை கரைந்துவிட்டமையால் அதன் முற்பாதியை இனி எவராலும் வாசித்தல் இயலாது.

பழியை எவர்மீது சுமத்துவது? எம்மீதுதான். அதற்கு முந்திய ஆண்டிலேயே அலுமாரிக்கு மேலே, சுவரில் உள்ளங்கையளவு கறையொன்றைக் கண்டோம். தீபாவளி அண்மித்திருந்தது. வெள்ளையடிப்பித்து அதனை மறைத்துவிட்டு, காரியம் முடிந்ததென மகிழ்ந்திருந்தோம்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சுவரோடை வைக்கிற உப்புச் சாடி எப்பவும் கசியுது எண்டு நான் அப்பவே சொன்னனான். நீங்கள் காதிலை விழுத்தேல்லை" என்றார் எமது இல்லாள். சுவருக்கு அப்பாற் சமையலறை. உப்புச் சாடி இருப்பது அச்சுவரிலுள்ள தட்டில்.

அவர் கூற்றில் விஞ்ஞானம் இருக்கிறது. ஒரு வெப்பநிலையிற் காற்றுக் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் இருக்கின்றது என்பதைக் காட்டும் அளவே சாரீரப்பதன். அது நூற்றுக்கு 75 ஐக் கடந்தால் தூய உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சுவரிலும் நூலிலும் பூஞ்சணம் முளைப்பதற்கும் ஏறத்தாழ 75 முதல் 80 வரையான ஈரப்பதன் நாட்கணக்கில் நீடித்தாற் போதும். எனவே உப்புக் கசியும் மூலையிற் புத்தகம் வைப்பது ஆபத்து. எமது கடலுப்பில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு தட்டிலுள்ள சாடி கசிய, மற்றத் தட்டிலுள்ளது உலர்ந்திருக்குமாயின், குற்றம் உப்பினுடையதன்று, சுவரினுடையது.

இச்செய்தியைக் கேள்வியுற்ற எமது பழைய மாணாக்கரான பொறியியலாளர் ஒருவர், தீப்பெட்டியளவான இரு கருவிகளைக் கொண்டுவந்தார். உணரி என்பது அவற்றின் பெயர். 1783 ஆம் ஆண்டில், ஜெனீவா நகரத்து அறிஞரான டி சொசூர், மனிதரின் தலைமயிர் ஈரத்தில் நீள்வதைக் கொண்டு ஈரப்பதனை அளக்கும் கருவியைப் பற்றி நூலெழுதினார். இன்றைய உணரியில் மயிருக்குப் பதிலாக மெல்லிய படலமொன்று உண்டு. அது ஈரத்தை உறிஞ்சுந்தோறும் அதன் மின்னியல்பு மாறும். அம்மாற்றத்தை எண்ணாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிறது கருவி.

ஒன்றை அலுமாரிக்குப் பின்னும் மற்றையதை விறாந்தையிலும் வைத்தோம். நண்பகலில் விறாந்தையின் ஈரப்பதன் 65 க்கு இறங்கியபோதும் அலுமாரியின் பின்புறம் 85 க்குக் கீழே வரவில்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கூரைப் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டிருந்தது. பெய்த மழையெல்லாம் வழிந்து சுவருக்குள் இறங்கியிருக்கின்றது. அரை நாள் வேலையில் அது தீர்ந்தது. குறிப்பேட்டின் முற்பாதிதான் மீளவில்லை.

காற்றின் ஈரத்தை அளப்பதைவிட வேறு உணரிகளும் உள. மரத்தினுட் செருகப்படும் இரு ஊசிகள், அவற்றிடையே மின் எவ்வளவு எளிதாகச் செல்கின்றதெனப் பார்த்து மரத்தின் ஈரத்தைச் சொல்லும். ஈரம் நூற்றுக்கு 20 ஐக் கடந்தால் எச்சரிக்கை. 30 ஐ அண்மித்து நீடித்தால் மரம் உக்கத் தொடங்கும். இன்னொரு வகை, குழாயடியிற் கிடத்தப்படும் இரு கம்பிகள். நீர் இரண்டையும் தொட்டதும் மணி ஒலிக்கும்.

இவையெல்லாம் செல்வர்களின் விளையாட்டுப் பொருள்களென எண்ணவேண்டா. முன்னேறிய நாடான நியூசிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கு 1990 களிலும் அதற்கடுத்த சில ஆண்டுகளிலும், கூரை வெளியே நீளாத, பூச்சுச் சுவர்கொண்ட அழகிய வீடுகள் பல எழுந்தன. யன்னலோரங்களால் உட்புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லை. உள்ளிருந்ததோ மருந்திடாத பைன் மரச் சட்டம். வெளியே பூச்சு மினுங்க, உள்ளே மரம் உக்கியது. 2009 ஆம் ஆண்டின் மதிப்பீடொன்று, பாதிப்புற்ற வீடுகள் ஏறத்தாழ 42,000 என்றும், சீர்செய்யும் செலவு 1,130 கோடி நியூசிலாந்து டொலர் என்றும் கணக்கிட்டது. வாழ்நாட் சேமிப்பை இழந்தோர் பலர். சுவரினுட் பதித்த ஈர உணரிகள் அந்நாட்டிற் பரவியமைக்கு இத்துன்பமும் ஒரு காரணம். கறை கண்ணுக்குப் புலப்படும்போது, நீர் தன் வேலையைத் தொடங்கி வெகு காலமாகியிருக்கும் என்பதே அவர்கள் கற்ற பாடம்.

கருவியை வாங்குவோர் இரண்டை மறத்தலாகாது. கடலோர ஊர்களில் உப்பேறிய சுவரில் மின் எளிதாய்ச் செல்லுமாதலால், ஊசிக் கருவி உள்ளதைவிட அதிக ஈரத்தைக் காட்டும். மேலும், மாரியில் வெளிக்காற்றே ஈரமாயிருக்கும். ஆதலின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றும் வைத்து, வேறுபாட்டையே நோக்குதல் வேண்டும்.

காசில்லாத உணரியும் உண்டு. இரவிற் குழாய்களையெல்லாம் பூட்டியபின் தாங்கியின் நீர்மட்டத்தைக் குறித்துவிடுங்கள். விடியுமுன் அது குறைந்திருந்தால், எங்கோ ஒழுக்கு உண்டு.

கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் பூட்டிய வீடுகள் எமது ஊர்களிற் பல. அவற்றில் உணரி வைத்தாற் செய்தி ரொறன்ரோ வரை போகும். ஆனால் திறப்பையும் ஏணியையும் எடுத்துவர இங்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை முதலில் ஒழுங்குசெய்துவிட்டே கருவியை வாங்குவது நன்று.

குறிப்பேட்டின் பிற்பாதியை எமது மகள் இப்போது பிரதி செய்து வருகிறாள். இவ்வாண்டுத் தீபாவளிக்கு வெள்ளையடிப்பதற்கு முன், பீலியைத் துப்புரவு செய்விக்க எண்ணியுள்ளோம். வாசகர்களும் தத்தம் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்களாக. உப்புச் சாடி கசிகின்றதென வீட்டிலுள்ளோர் சொன்னால், அதையும் சற்றே காதிற் போட்டுக்கொள்வார்களாக.