தேர்க்காலிற் பட்ட கன்று

திருவாரூர்ப் பூங்கோயிலின் புறத்தே, மனுநீதிச் சோழன் வரலாற்றைக் காட்டும் கல்தேரொன்று நிற்கின்றது. அதன்முன் நின்று கைகூப்பி, சேக்கிழார் பெருமான் அவ்வரலாற்றை விரித்துரைத்த அருமையைப் பேசிக் கண்ணீர் மல்கும் அன்பர் பலர். அவ்வன்பரே வைகறை வழிபாட்டிற்கென்று நள்ளிரவில் மோட்டார் வண்டியேறி விரைந்து வருங்கால், நாயோ கீரியோ பாம்போ சக்கரத்திற் பட்டதாயின், வண்டியை நிறுத்துவார் அரியர். புறப்படும்போது சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க மறவாதவர், அதே சக்கரத்தின்கீழ் ஓருயிர் நசுங்கியபோது இறங்கியும் பார்த்திலர். "அதன் வினை முடிந்தது" என்னும் ஒரு சொல்லோடு அவர்தம் இரக்கமும் முடிந்துவிடுகின்றது. அச்சொல் சைவத்தின் பெயரால் வழங்கப்படுதலின், அதனை ஆராயாது விடுதல் தகாது.

முதற்கண், சாலையில் நிகழ்வது யாதெனக் காண்க. பகலெல்லாம் வெயிலை உண்ட தார் இரவிலும் வெம்மை மாறாதிருத்தலின், பாம்பு முதலியன அவ்வெம்மையை நாடி வந்து கிடக்கின்றன. மழை பெய்த இரவில் தவளைகள் இனம்பெருக்க நீர்நிலை தேடிச் சாலையைக் கடக்கின்றன. களமின்மையாற் சாலையிலேயே உலர்த்தப்படும் கேழ்வரகையும் கொள்ளையும் பொறுக்க அணிலும் புறாவும் வருகின்றன. பால் கறந்தபின் உடையவனால் அவிழ்த்துவிடப்பட்ட மாடு, ஈரமில்லா இடம் வேண்டிச் சாலை நடுவே படுக்கின்றது. இவற்றுள் ஒன்று இறந்துபடின், அப்பிணத்தைத் தின்ன வந்த காகமும் நரியும் அடுத்து வரும் வண்டியில் அகப்படுகின்றன. அகற்றப்படாத ஓருடல் பலவுயிரின் இறுதிக்கு வித்தாகின்றது. இவையெல்லாம் தத்தம் இயல்பால் வந்தனவேயன்றிக் குற்றஞ்செய்ய வந்தன அல்ல.

இனி, "எவ்வுயிரும் தன் வினைப்படியே இறத்தலின் வண்டி செலுத்தினார்க்குக் குற்றமில்லை" என்பார் கூற்றை நோக்குக. இக்கூற்று மெய்யாயின், களவு கொடுத்தான் தன் வினையாற் கொடுத்தான் எனக் கள்வனையும் விடுத்தல் வேண்டும். கொலையுண்டான் தன் வினையால் உண்டான் எனக் கொலைஞனையும் வாழ்த்துதல் வேண்டும். அங்ஙனம் கொள்வார் யாவருளர்? வினை சடமாகலின் தானே சென்று பயன் தாராது. அதனைக் கூட்டி ஊட்டுவிப்பவன் இறைவனே என்பது சித்தாந்தத் துணிபு. ஓருயிர் நுகரும் பிராரத்தம் வேறு. அதனை வாயிலாகக் கொண்டு மற்றோருயிர் புதிதாக ஈட்டும் ஆகாமியம் வேறு. இறந்த உயிரின் கணக்கை இறைவன் அறிவான். தன் கணக்கில் அன்று ஏறியது யாது என்பதே வண்டியில் இருந்தான் வினவத்தக்கது. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு அருளப்பட்டதேயன்றிப் பிறிதின் துன்பத்தைப் பொருட்படுத்தாமைக்கு அருளப்பட்டதன்று.

அற்றேல், "அறியாது நிகழ்ந்ததற்கு யாது செய்வது?" எனின், சோழன் மகனும் அறிந்து செய்திலன் என்க. கன்று ஒருவருங் காணாவகை துள்ளிவந்து தேர்க்காலிடைப் புகுந்தது. அமைச்சரும் அதனையே கூறி, அந்தணர் விதித்த கழுவாய் செய்தலே அமையும் என்றனர். அரசன் அதற்கிசைந்திலன், கன்றை இழந்து அலறும் தாய்ப்பசுவின் நோய்க்கு அக்கழுவாய் மருந்தாகுமோ என்று வினவினான். இஃதன்றோ நீதி! பழிக்கு ஆளானவன் மனம் அமைதியுறுதற்கு வழிதேடினர் அமைச்சர். துன்பமுற்ற உயிரின்மேற் கண்வைத்தான் மன்னன். இக்காலத்தார் அவ்வமைச்சர் நின்ற நிலைக்கும் வந்திலர். கழுவாயும் இன்றியே கடந்து போகின்றனர்.

மேலும், இக்காலத்து அறியாமை விலைகொடுத்து வாங்கிய அறியாமையாம். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கும். விரைவு இரட்டித்தால், தடையை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்குந் தொலைவு நான்கு மடங்காகும். விளக்கொளி எட்டுந் தொலைவுக்குள் நிறுத்த இயலா விரைவில் இரவிற் செல்பவன், காணமாட்டாமையைத் தானே தேர்ந்துகொண்டவனாவான். அவன் "கண்டிலேன்" என்பது எங்ஙனம் விடையாகும்?

"வண்டியை ஓட்டியவன் கூலியாள்; உள்ளிருந்தோம் உறங்கினோம்" என்பாரும் உளர். உயிர்கட்குத் தன்னால் வரும் அச்சத்தைப் போலவே தன் பரிசனத்தால் வரும் அச்சத்தையும் நீக்குதல் காவலன் கடன் என அச்சோழன் வாயிலாகவே தெய்வச் சேக்கிழார் உணர்த்தினார். விடியுமுன் சேர்க்கவேண்டும் என்று ஓட்டுநனை முடுக்கியவர், அவ்விரைவில் விளைந்ததற்கும் உரியவரே.

"அங்கு இறந்தது ஆன்கன்று, நாயும் பாம்பும் அதனை ஒக்குமோ?" என்பது மற்றொரு தடை. பசு என்னுஞ் சொல் சித்தாந்தத்தில் ஆவினை மட்டும் குறிப்பதன்று. பாசத்தாற் கட்டுண்ட எல்லாவுயிரையும் குறிப்பது. உடம்பு வேறுபடினும் உயிரின் இயல்பு வேறுபடாது. எறும்பு வழிபட்டது திருவெறும்பூர். நண்டு வழிபட்டது திருந்துதேவன்குடி. யானையும் சிலந்தியும் வழிபட்டது திருவானைக்கா. நாய் வைரவக் கடவுளின் ஊர்தி. பாம்பு பெருமான் பூண்ட அணி. தலத்துக்குள் இவற்றை வணங்கித் தலத்துக்குச் செல்லும் வழியில் இவற்றை மிதித்துச் செல்லுதல் எவ்வாகமத்தில் விதிக்கப்பட்டது?

"உலகியல் நடக்கவேண்டாவோ?" எனின், நடக்கவேண்டும், உயிர்க்கு இடங்கொடுத்து நடக்கவேண்டும். உலகியலையே தொழிலாகக் கொண்ட அரசுகளும் இதனை உணரத் தலைப்பட்டன. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகள் செல்லுதற்கு 2009-ஆம் ஆண்டில் தடை விதிக்கப்பட்டது. மனுநீதிச் சோழன் சிலை நிற்கும் வளாகத்தையுடைய சென்னை உயர்நீதிமன்றம், சத்தியமங்கலத்துத் திம்பம் மலைவழியில் இரவுப் போக்குவரத்துத் தடையை நிறைவேற்றுமாறு 2022 பிப்ரவரியில் ஆணையிட்டது; பின்னர்ச் சில தளர்வுகள் அளிக்கப்பட்டன. பெஞ்சுக் காட்டினூடே செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் விலங்குகள் செல்லக் கீழ்வழிகள் அமைக்கப்பட்டு, புலியும் அவற்றிற் செல்கின்றது. வால்பாறைப் பகுதியிற் சோலைமந்திகள் சாலையில் இறங்காது செல்ல மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டப்பட்டன. ஓர் அரசு சாலையையே அடைக்க இயலுமாயின், நீறணிந்த ஒருவன் தன் விரைவைக் குறைத்தல் இயலாதோ?

சோழன் தன் மகனுக்குச் செய்ததை எவரும் செய்க என்பார் இலர். இரவிற் செல்லுதலைக் கூடியவரை தவிர்த்தல். சென்றுழி மெல்லச் செல்லுதல். உயிரொன்று பட்டதாயின் நின்று நோக்குதல். குற்றுயிராயின் கால்நடை மருத்துவரிடம் சேர்த்தல். இறந்ததாயின் அவ்வுடலைச் சாலையினின்று அப்புறப்படுத்தல். உண்ட மிச்சிலைச் சாலையில் எறியாமை. தன் மாட்டை இரவிற் கட்டிவைத்தல். வேண்டப்படுவன இவ்வளவே. இவை செய்யாதார் சீவகாருணியம் பேசுதல் நாவளவேயாம்.

மன்னன் தேரூர்ந்த அன்று வீதிவிடங்கப் பெருமான் விடைமேல் எழுந்தருளிக் காட்சி தந்தது கருவறையினுள் அன்று; கன்று துடித்துக் கிடந்த அவ்வீதியிலேயாம். வீதியிற் கிடக்கும் உயிரைக் கண்டும் கடந்து கோயிலுக்கு விரைபவர், யாரைக் காண விரைகின்றனரோ அவனைப் பின்னே விட்டுச் செல்கின்றனர்.