மேட்டுப் பாத்திக்கு எந்த மரம்?

திருகோணமலைப் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி தொடக்கம் தை வரையுள்ள மாதங்களிற் பொழிகின்றது. மூதூர், கிண்ணியா முதலிய இடங்களின் பள்ளக் காணிகளில் அக்காலத்தில் நீர் தேங்கும். நெல்லுக்கு அது நலமே. கத்தரிக்கும் மிளகாய்க்கும் வேரழுகலே பலன். ஓரடி உயர்ந்த மேட்டுப் பாத்தி இதற்கு ஏற்ற பரிகாரமாகும். நான்கடி அகலம் போதும். இரு பக்கத்திலும் நின்று, மண்ணை மிதியாமற் களை பிடுங்கலாம்.

பாத்தி மழையிற் கரையாதிருக்கப் பலகைச் சட்டம் அடித்தல் நன்று. ஆனால், மலிவாகக் கிடைக்கின்றதென்று கழித்த படகுப் பலகையை வாங்குதல் தவறு. பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் படகின் அடியிற் பூசும் வர்ணத்திற் செம்பு உண்டு; பழைய வர்ணங்களில் ஈயமும் இருக்கலாம். கப்பல் வர்ணத்தில் வெள்ளீயச் சேர்வையை விலக்கிய சர்வதேச உடன்படிக்கை 2008 ஆம் ஆண்டிலேயே அமுலுக்கு வந்தது. உயிர்களைக் கொல்லவென்றே பூசிய நஞ்சு, சிறுவர் உண்ணும் கீரையின் வேரருகே இருத்தல் தகுமா? கிறியோசோற்று எண்ணெய் ஊறிய ரயிற்பாதைச் சிலிப்பர்க் கட்டையும் ஆகாது.

வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையே மேலானது. அது கறையானுக்கு எளிதில் இரையாகாது. பழைய கூரையிற் கழற்றிய, தார் பூசாத சிலாகையும் உதவும். அதுவும் கிடையாதெனில், சட்டமின்றியே பாத்தியின் ஓரங்களைச் சரிவாக அணைத்து வைக்கோலால் மூடுக.

நிலாவெளி போன்ற மணற்பாங்கான இடங்களில், கச்சான் வீசும் கோடையில் மேட்டுப் பாத்தி விரைவிற் காய்ந்துவிடும். அங்கே அக்காலத்துக்குத் தாழ்பாத்தியே சிறந்தது. பள்ளக் காணிக் கமக்காரரோ, மாரிக்கு முன் புரட்டாதியிலேயே பாத்தி அமைத்து, மாட்டெருவும் கூட்டெருவும் கலந்து வைத்தல் வேண்டும்.