மலையேற வேண்டிய சட்டம்

கொல்லிமலை வாழ் மக்களுக்கு வழக்கு என்று ஒன்று வந்தால், அவர்கள் முதலில் மலை இறங்க வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு வந்து, அங்கிருந்து சேந்தமங்கலத்து நீதிமன்றத்தையோ நாமக்கல் மாவட்ட நீதிமன்றத்தையோ அடைய வேண்டும். அன்றைய கூலி போகும். பேருந்துக் கட்டணம் போகும். வாய்தா போட்டுவிட்டால் அடுத்த முறையும் அவ்வாறே. வழக்குரைஞருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற அச்சம் இவை எல்லாவற்றினும் பெரியது. தம் நிலத்தின் மேல் பிறர் கை வைத்தாலும், கைநாட்டு வைத்த கடன்தாளில் தாம் வாங்காத தொகை ஏறினாலும், வாய் திறவாமல் இருந்துவிடுவோரின் மௌனத்துக்கு இந்த அச்சமே காரணம்.

அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், தன் 12ஆம் பிரிவில், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் முதலியோருக்குக் கட்டணமின்றிச் சட்ட உதவி பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வழக்குரைஞரின் ஊதியம் மட்டுமன்றி நீதிமன்றக் கட்டணம், மனு எழுதும் செலவு, ஆவண நகல் பெறும் செலவு ஆகியவற்றையும் அரசே ஏற்கும். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் ஒவ்வொருவரும் இவ்வுரிமைக்கு உரியவர். தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று ஏற்காடு, மற்றொன்று கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம். இவ்வுரிமையை மற்ற எவ்விடத்தினும் முன்னதாக இங்கே அறிவித்திருக்க வேண்டும்.

இது யாரும் மனமிரங்கி இட்ட பிச்சையன்று. பொருளின்மையால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் கட்டளை, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் அரசமைப்பில் 39அ உறுப்பாக இடம்பெற்றது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அடைந்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் மிகுதியான காலம் பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி வாடிய ஏழைகளின் நிலை, 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளிப்பட்டது. இலவசச் சட்ட உதவி, உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்பின் பகுதியே என்று நீதிபதி பகவதி அவ்வழக்கில் நிலைநாட்டினார். பணமில்லை என்று கூறி அரசு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980இல் கத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டது.

தீர்ப்புகளுக்கும் மலையடிவாரத்துக்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்பதை வாச்சாத்தி காட்டியது. அவ்வூராரும் கொல்லிமலையாரைப் போன்ற மலையாளிப் பழங்குடியினரே. 1992 சூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிச் சித்தேரி மலையடிவாரத்து அச்சிற்றூருள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் வீடுகளைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். துன்புற்ற பெண்களே கைதிகளாகச் சேலம் சிறைக்குச் சென்றனர். சட்டப்பணிகள் சட்டம் அப்போது நிறைவேறி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. 1995 நவம்பர் 9 அன்றுதான் அது உயிர் பெற்றது. அம்மக்களுக்குத் துணை நின்றவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினரும். அப்பணியாளர்கள் 269 பேர் மீது வழக்கு. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. வென்றது நீதியே, எனினும் ஓர் இயக்கம் பத்தொன்பது ஆண்டுகள் தாங்கிப் பிடித்திராவிடில் அப்பெண்களின் குரல் எங்கே கேட்டிருக்கும் என்று எண்ணுகையில் நெஞ்சு பதைக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் அத்தகைய துணை வாய்க்குமா?

பெருநகரத்து ஏழைக்குப் பல கதவுகள் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. சட்டக் கல்லூரிகள் உள்ளன. தொண்டு அமைப்புகள் உள்ளன. மலையிலுள்ளவருக்கு வட்டச் சட்டப்பணிகள் குழுவும் மாவட்ட ஆணைக்குழுவுமே கதவுகள். 15100 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. அவை இருப்பதை அவரிடம் யார் சொல்வது? கேட்டால்தான் கொடுப்போம் என்னும் வாதத்தை உச்ச நீதிமன்றம் 1986இலேயே தள்ளிவிட்டது. அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர் வழக்குரைஞரின்றி விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார். அவருக்கு அவ்வுரிமை உண்டென்று எவரும் கூறவில்லை என்பதாலேயே தண்டனை நீக்கப்பட்டது. அறிவிக்கும் கடமை அதிகாரத்தைச் சேர்ந்தது.

நிலத்தின் செய்தியில் இக்கடமை இன்னும் கூர்மையாகிறது. அரசமைப்பின் 5ஆம் அட்டவணைப் பகுதிகளுள் தமிழகத்து மலை ஒன்றும் இல்லை. ஆகவே அவ்வட்டவணை தரும் தனிக்காப்பு கொல்லிமலைக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி கிராம சபையின் முடிவால் குறையுற்றவர் உட்கோட்டக் குழுவிடம் அறுபது நாள்களுக்குள் முறையிட வேண்டும். அறுபது நாள் என்று அறியாதவருக்கு அவ்வழி அடைபட்டுப் போகிறது. அத்தகையவருக்கு வேண்டியது, உரிய நாளில் உரிய மனுவை எழுதித் தருகிற ஒருவர்.

வழக்குகளை இரு தரப்பின் உடன்பாட்டால் முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றங்களைப் பற்றியும் ஒரு சொல். விரைவும் செலவின்மையும் அவற்றின் சிறப்பு. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கு எட்டிய தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. எழுத்தறியாதவரிடம் ஒப்பந்தத்தை அவர் பேசும் தமிழில் விளக்கி, விளங்கிற்றா என்று கேட்டு உறுதி செய்த பின்னரே கையொப்பம் பெற வேண்டும். வழக்கு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் ஆர்வம் இவ்விடத்தில் பெருந்தீங்கு விளைக்கும். இனி வழக்குரைஞர்களின் செய்தி. ஆணைக்குழு அமர்த்திய வழக்குரைஞர் கட்சிக்காரரிடம் ஊதியம் பெறுவது தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. இச்செய்தியும் மனுதாரருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். அவ்வழக்குரைஞர்களுக்குத் தகுந்த ஊதியத்தைக் காலந்தாழ்த்தாது வழங்காமல் அவர்களிடம் உழைப்பை எதிர்பார்ப்பதும் முறையாகாது.

பழங்குடியினர் உரிமைக் காப்புக்கெனத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2015இல் தனித் திட்டமே வகுத்திருக்கிறது. நாமக்கல் மாவட்ட ஆணைக்குழு அதனைக் கொல்லிமலையில் முழுமையாகச் செயற்படுத்த வேண்டும். மலையின் ஒன்றியத் தலைமையிடமான செம்மேட்டில் வாரத்தில் ஒரு நாள், மாறாத கிழமையில், வழக்குரைஞர் ஒருவர் அமர வேண்டும். மலையிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களையும் பெண்களையும் சட்டத் தன்னார்வலர்களாகப் பயிற்றி, மலையில் நாடு என வழங்கும் ஊர்த்தொகுதி ஒவ்வொன்றிலும் ஒருவராவது இருக்கச் செய்ய வேண்டும். ஆடியில் அரசே எடுக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு மலை முழுதும் திரண்டு வருகிறது. அங்கே துறைதோறும் அரங்கு அமைக்கும் அரசு, மனு எழுதி அங்கேயே பதிவு செய்து எண் தரும் சட்ட உதவி அரங்கு ஒன்றையும் அமைக்கட்டும். வரும் ஆடிக்குள் இதற்கான ஆணை பிறக்க வேண்டும்.